திறந்த ஃபில்டரும் ஆயுத பூசையும்

அந்தக் கார் எனக்குக் கிடைக்குமா என்பது கடைசியில் ஓர் ஏர் ஃபில்டரைப் பொறுத்ததாக ஆகிவிட்டது. அந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

கார் ஜொகூர் மாநிலத்தில், மூவார் ஊரில் ஒரு வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் நின்றது. நான்கு கதவு, வெளிர்பச்சை நிறம், இங்கிலாந்தில் செய்தது. என் வயதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அதன் வயது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை, இலங்கைத் தமிழர். நானும் அவரை டீச்சர் என்றே அழைத்தேன். அவருடைய கணவர் புதிதாக வாங்கிய கார் அது. அவர் இறந்த பிறகு யாரும் சாவி போடவில்லை. டீச்சர் வீட்டைக் கொடுத்துவிட்டுக் கோலாலம்பூரில் இருக்கும் மகனிடம் போவதாக இருந்தார். அதற்குள் காருக்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

கேட்டவர்கள் இருவர். ஒருவர் சிங்கப்பூரில் பழைய கார்களைச் சேர்த்து வைத்திருப்பவர். மற்றவள் நான்.

"அவர் வந்து கதவைத் திறந்து பார்த்தார், சீட்டைத் தடவிப் பார்த்தார். நீர்தான் இன்ஜினைப் பற்றிக் கேட்டனீர்," என்றார் டீச்சர். "அதனால முதல்ல உமக்கு. ஆனா மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் லாரியோட வாறார். அதுக்கு முதல் உம்முடைய பேருக்கு மாறினா உமக்கு. இல்லையெண்டா அவருக்கு. சரியோ, பிள்ளை?"

சரி என்றேன். பல வருடங்களாகச் சாலை வரி இல்லாத வண்டி என்பதால் பெயர் மாற்றுவதற்கு முன்னால் பரிசோதனை நிலையத்தில் தேற வேண்டும். பிரேக், விளக்கு, சேசிஸ் எண், புகை. எனக்கு ஐந்து வாரம் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசிப் படியான ஐந்தாம் படிவம் முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக் போய் டிப்ளமா வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. நாள் முழுவதும் உலோக வளையங்களை அளக்கிறேன். அவை எந்த இயந்திரத்துக்குள் போகின்றன என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பழைய காரின் பானட்டைத் திறந்தபோது உள்ளே இருந்த ஒவ்வொன்றும் எதற்கு இருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடிந்தது. வாங்க வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

எங்கள் ஊரான சாஆவில் வீட்டுப் பக்கம் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சித்தி ஒருவர், "படிச்ச பொண்ணு புதுசா ஒன்னு எடுக்கக் கூடாதா? ஓட்டக் காரப் போயி தேடுற," என்றார். அவர் புதிதாக எடுத்ததே தவணையில்தான் என்பதை நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காரை விட்டுக்கொடுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

சாஆவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் இழுவை லாரியில் காரை மூவாரிலிருந்து ஏற்றி வந்தார். சாலை வரி இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. அவருடைய பட்டறையில் ஒவ்வொரு சனி, ஞாயிறும் நானும் அவரும் வேலை பார்த்தோம். பிரேக் சரியானது. பெட்ரோல் தொட்டியைக் கழுவினோம். கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்த்தோம். மூன்றாவது வாரம் இன்ஜின் ஓடியது. மிஞ்சியது ஏர் ஃபில்டர் ஒன்றுதான்.

இன்ஜின் இழுக்கும் காற்றில் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இந்தக் காரில் அது ஒரு தட்டையான, வட்டமான கறுப்புத் தகர டப்பா. உள்ளே விசிறி போல மடித்து வளையமாக்கிய தாள். மூடியை நடுவில் ஒரு திருகு பிடித்திருக்கும். டப்பா நன்றாக இருந்தது. தாள் மட்டும் எலி கடித்துக் கரியாகிக் கையில் உதிர்ந்தது. அதே தாள் உள்நாட்டில் எங்கும் இல்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் மாதக் கடைசி தாண்டிவிடும்.

அண்ணன் சொன்ன வழி எளிமையானது. "வேற ஏதாச்சும் வண்டியோட தாளு இந்த டப்பாக்குள்ள உக்காருதான்னு தேடுவோம் தங்கச்சி. எனக்கு இது புதுசு இல்ல."

எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை அனுமதியில்லாமல் பொருத்துவதைவிடப் பெரிய குற்றம் இல்லை. நான் முறையாகத் தேர்ந்தெடுக்க நினைத்தேன். இரண்டு இரவுகள் பழைய கார் பிரியர்களின் இணையக் குழுக்களைப் படித்து ஓர் அட்டவணை போட்டேன். தாள், பஞ்சு, நுரை என்று மூன்று வகை. எது எவ்வளவு தூசியைத் தடுக்கும், எது காற்றைத் தாராளமாக விடும், எதைக் கழுவி மறுபடி போடலாம், எது எத்தனை நாளில் வந்து சேரும் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டினேன். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் முதலிடத்தில் வந்தது. டப்பாவே தேவையில்லை. கூம்பு வடிவம், சிவப்புப் பஞ்சின் மேல் பளபளக்கும் கம்பி வலை, முனையில் வெள்ளி நிற மூடி. நான்கு நாளில் வந்துவிட்டது.

அதன் அழகுக்கு அட்டவணையில் நான் மதிப்பெண் கொடுக்கவில்லை. ஆனால் அது கணக்கில் இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரேஸ்காரனுங்க போடுறது. தொறந்து கெடக்குதே. தண்ணி தெறிச்சா? தூசி படிஞ்சா? டப்பா சும்மாவா வச்சான்?"

"பஞ்சுல எண்ணெய் இருக்குதுண்ணே. தூசி அதுலயே ஒட்டிக்கும். படிச்சுப் பாத்துட்டேன்."

"படிச்சுப் பாத்துட்டியா, சரி. அப்ப நான் வாய மூடிக்கிறேன்."

அவர் வாயை மூடவில்லை. காற்று அதிகமாக வந்தால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கார்புரேட்டர் திருகைத் திருப்பினார். இன்ஜின் சத்தம் ஆழமானது. எனக்கு அது பிடித்திருந்தது. பழைய டப்பாவை அவர் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தார்.

பரிசோதனைக்குச் செவ்வாய்க்கிழமை தேதி கிடைத்தது. அதற்கு முந்தைய வாரம் ஆயுத பூசை. பட்டறையில் அன்று காலையிலேயே லாரி, ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. என் காருக்கு நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று நான் அம்மாவை அழைத்துப் போனேன். அம்மா செம்பில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம் எடுத்து வந்தார். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். கண்ணாடிக்கு விபூதிப் பட்டை இட்டார். பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னார்.

"இன்ஜினுக்கு வைக்கணும்லா. அதுதான் ஓடுறது."

நான் திறந்து பிடித்துக்கொண்டேன். அம்மா வேப்பிலையால் மூன்று முறை தெளித்தார். பேட்டரியில் ஒரு பொட்டு, ரேடியேட்டரில் ஒரு பொட்டு. சிவப்புக் கூம்பின் முன்னால் கை நின்றது.

"இது புதுசா இருக்குதே. இதுக்கும் வைக்கவா?"

"வைங்கம்மா. அது நான் வாங்கினது. நல்லா வைங்க."

அம்மா நன்றாகத்தான் வைத்தார். செம்பில் மிஞ்சிய தண்ணீரை அதன் மேலேயே தெளித்தார். சந்தனத்தைக் குழைத்து வலையின் நாலு பக்கமும் அப்பினார். அதன் மேல் குங்குமம். ஈரத்தில் அது வழிந்தபோது விபூதியைத் தூவினார். பூசை நன்றாக நடந்தது. சாம்பிராணி காட்டியபோது அண்ணன் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நானும் எதையும் யோசிக்கவில்லை. ஈரம் காயட்டும் என்று கூட நினைக்காமல் பானட்டை மூடினேன்.

செவ்வாய்க்கிழமை காலை லாரியில் ஏற்ற இன்ஜினைக் கிளப்பியபோது கரும்புகை வந்தது. குளிர் இன்ஜின், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்திருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தோம். நான், அம்மா, அண்ணன் மூவரும் லாரியின் முன்பக்கம் நெருங்கி உட்கார்ந்து போனோம். அம்மாவை வரச் சொன்னதும் நான்தான். கார் தேறுவதை அவர் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன்.

பிரேக் தேறியது. விளக்கு தேறியது. புகைக் குழாயில் அளவுக் கருவியை விட்டதும் இன்ஜின் இரண்டு முறை தானாக நின்றது. மூன்றாவது முறை ஓடியபோது பின்னால் நின்றவர்கள் ஒதுங்கும் அளவுக்குக் கறுப்பாகப் புகைத்தது. மலாய் அதிகாரி என் வயது இருப்பார். பானட்டைத் திறக்கச் சொன்னார். கூம்பின் மேல் சந்தனமும் குங்குமமும் விபூதியும் ஒன்றாகக் காய்ந்து சுவர்ப்பூச்சு மாதிரி இறுகியிருந்தது. அவர் விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"இனி குஞிட், கான்?" என்றார். இது மஞ்சள்தானே என்று கேட்கிறார்.

"ஆமாம்," என்றேன்.

"அக்கா, கறி சமைக்கிறதா இருந்தா அடுப்புல வைக்கணும்," என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மூச்சு அடைத்துக் கிடக்கிறது, காற்று இல்லாமல் பெட்ரோல் மட்டும் எரிகிறது, சரிசெய்து கொண்டு வாருங்கள் என்று பொறுமையாக விளக்கி, தேறவில்லை என்று முத்திரை குத்திய தாளைக் கொடுத்தார். அவர் விளக்கியது எனக்குப் பாலிடெக்னிக்கில் முதல் பருவத்தில் சொல்லிக்கொடுத்தது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் திரும்பினேன். "எல்லாம் உங்க மஞ்சத்தண்ணிம்மா. எவ்ளோ அப்பி வச்சிருக்கீங்க பாருங்க. அஞ்சு வாரம் வேல பாத்தது போச்சு."

சத்தமாகத்தான் சொன்னேன். காத்திருந்த இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள்.

அம்மா கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "நான் மூனாவதோட நின்னவ. அதுல எது வாயி எது மூக்குன்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் உன்னக் கேட்டேன். கேட்டேனா இல்லையா?"

நான் தாளை மடித்தேன்.

"நல்லா வைங்கன்னு சொன்ன," என்றார் அம்மா. அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் அண்ணனிடம் மட்டுமே பேசினார். லாரியில் அவர் எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

பட்டறையில் கூம்பைக் கழற்றிக் கழுவிப் பார்த்தோம். சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தேய்க்கத் தேய்க்கப் பஞ்சு கிளம்பி நூல் நூலாகப் பிரிந்தது. அண்ணன் அதை வாளியின் ஓரத்தில் வைத்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மாலையில் டீச்சருக்குப் போன் செய்தேன்.

"என்ன பிள்ளை, வாகனம் தேறினதோ?"

"இல்ல டீச்சர். புகையில போயிடுச்சு. சின்ன விஷயம்தான். வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டு போறோம்."

"சின்ன விஷயமெண்டா ஏன் தேறேல்லை?"

"ஃபில்டர் அடைச்சிருச்சு டீச்சர்."

"ஞாயிற்றுக்கிழமை அவர் வாறதை நான் மாத்த மாட்டன். ஒருத்தருக்குச் சொன்ன சொல்லு இருக்கு. வெள்ளிக்கிழமை தேறினா நேரா இஞ்ச வாரும். பேர் மாத்துற அலுவலகம் மத்தியானம் தொழுகைக்கு மூடித் திரும்பத் திறக்கும். நான் அங்க நிப்பன்."

எனக்கு மூன்று நாள் இருந்தது. அண்ணன் முதலில் சொன்ன, அட்டவணையில் நான் மதிப்பெண்கூடக் கொடுக்காமல் விட்ட வழி ஒன்றுதான் மிஞ்சியது.

ஆணியிலிருந்து டப்பாவை இறக்கினேன். அதன் உள்விட்டம், நடுவில் இருக்கும் வளையத்தின் வெளிவிட்டம், மூடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள உயரம் மூன்றையும் வேர்னியர் காலிப்பரால் நான்கு இடங்களில் அளந்தேன். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மறுநாள் ஜொகூர் பாருவில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனேன். மூன்றாவது கடையில் கூரையெங்கும் ஃபில்டர்களைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சீனக் கடைக்காரர் வழக்கம்போல மலாயில், "எந்தக் கார்?" என்று கேட்டார்.

"கார் வேண்டாம் அங்கிள்," என்று அளவுகளை எழுதிய தாளை நீட்டினேன். "இந்த அளவு."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். கார் பேர் சொல்லாம ஃபில்டர் கேட்ட முதல் ஆள் நீ. சட்டைக்கா அளவு எடுத்த?"

இருந்தாலும் ஏணியை எடுத்துக் கொடுத்தார். நான் மேலே ஏறி ஒவ்வொன்றாக அளந்தேன். விட்டம் பொருந்தினால் உயரம் பொருந்தவில்லை. உயரம் பொருந்தினால் நடு ஓட்டை பெரிதாக இருந்தது. மதிய உணவுக்கு அவர் கடையை மூடவில்லை. மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டு, "இன்னும் அளக்கிறியா? அந்த மூலையில் இருக்கிறதைப் பார். லாரி, வேன் ஜாதி," என்றார். அங்கேதான் இருந்தது. காய்கறி ஏற்றும் சிறிய வேன் ஒன்றின் தாள் ஃபில்டர். உள்ளேயும் வெளியேயும் விட்டம் சரி. உயரம் மட்டும் நான்கு மில்லிமீட்டர் குறைவு. அந்த இடைவெளி வழியாகத் தூசி போகும். அதை அடைக்க அவரிடமே கார்க் எனும் தக்கைத் தாள் வாங்கினேன்.

சாஆவில் அண்ணன் அந்தத் தக்கைத் தாளை வட்டமாக வெட்டி, மேலே ஒன்று கீழே ஒன்று வைத்து மூடியைத் திருகினார். டப்பாவை உலுக்கிப் பார்த்தார். உள்ளே எதுவும் ஆடவில்லை.

"அண்ணே, நீங்க மொதல்லயே சொன்னீங்க," என்றேன்.

"நான் சொன்னது கண்ணால பாத்து வாங்குறது. நீ அளந்து வாங்கியிருக்க. நான் வாங்கியிருந்தா கொஞ்சம் ஒழுகியிருக்கும்," என்றார். பிறகு கார்புரேட்டர் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். ஆழமான சத்தம் போய்விட்டது. இன்ஜின் தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது. புகைக் குழாயின் முன்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தோம். துணி வெள்ளையாகவே இருந்தது.

வீட்டில் அம்மா என்னுடன் பேசிக்கொண்டுதான் இருந்தார். சாப்பிட்டாயா, குளித்தாயா என்ற அளவுக்கு. வியாழக்கிழமை இரவு, "நாளைக்கு வாங்கம்மா," என்றேன்.

"எதுக்கு? அங்க வந்து என்னா செய்யப் போறேன்?"

"நான் சத்தம் போட்ட எடத்துக்கு நீங்க வரணும்."

அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் நான் எழுந்தபோது புடவை கட்டித் தயாராக இருந்தார்.

அன்று வேறு அதிகாரி. கருவியை விட்டார், எண்களைப் பார்த்தார், முத்திரை குத்தினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காரை லாரியின் முதுகிலேயே வைத்துக்கொண்டு யோங் பெங் வழியாக மூவாருக்குப் போனோம். தொழுகை முடிந்து அலுவலகம் திறந்தபோது டீச்சர் ஏற்கெனவே எண் சீட்டு எடுத்து உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குத் தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். எங்களுக்கு முன்னால் பதினொரு பேர் இருந்தார்கள்.

"இப்ப சொல்லும்," என்றார் டீச்சர். "ஓடுற வாகனம் எப்பிடி அடைச்சுது? எலியோ?"

அம்மா சட்டென்று சுவரில் இருந்த எண் பலகையைப் பார்க்கத் தொடங்கினார். நான் எப்படிச் சொன்னாலும் தலையாட்டத் தயாராக இருந்தார் என்று தெரிந்தது.

"ஆயுத பூசை டீச்சர். ஃபில்டர் மேல மஞ்சத்தண்ணி, சந்தனம் எல்லாம் பட்டுருச்சு. மூடி இல்லாத ஃபில்டர். வேணாம்னு பட்டறை அண்ணன் சொன்னாரு, நான்தான் வாங்கிப் போட்டேன். அம்மா வைக்கவான்னு கேட்டாங்க. நல்லா வைங்கன்னு நான்தான் சொன்னேன். அப்புறம் அம்மாவ எல்லாரும் பாக்கத் திட்டினேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "அப்ப அம்மாவில ஒரு பிழையும் இல்லை."

"பாதி என் மேல இருக்கட்டும் டீச்சர்," என்றார் அம்மா, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "செம்புல மிச்சம் இருந்த தண்ணிய வீணாக்க வேணாம்னு மொத்தமா ஊத்தினது நான்தான்."

டீச்சர் வாயில் கைக்குட்டையை வைத்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

எங்கள் எண் வந்தது. டீச்சரின் கட்டைவிரலை இயந்திரம் முதல் தடவை எடுக்கவில்லை. வயதாகி ரேகை தேய்ந்திருந்தது. முகப்பில் இருந்த பெண் ஈரத் தாள் கொடுத்தார். துடைத்துவிட்டு வைத்தும் எடுக்கவில்லை. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மறு கைக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து என் விரல். அது உடனே எடுத்தது. அச்சு இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. அதில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. எழுத்துப் பிழை இல்லையா என்று இரண்டு முறை பார்த்தேன்.

வெளியே வந்ததும் டீச்சர் அந்த இடத்திலேயே சிங்கப்பூர்க்காரரை அழைத்து, வர வேண்டாம் என்று ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். லாரியின் மேல் நின்ற காரைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஒரு சாவியை எடுத்து என் கையில் வைத்தார். முன்பு கொடுத்த சாவியின் ஜோடி. அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.